விரலுக்குக் கேட்கிற கியர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், அவர்கள் நடுவில் தைரியமாக வந்து சேர்ந்திருக்கும் ஒரே தங்கச்சிக்கும் வணக்கம்.

கியர் சைக்கிள் வேலையைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. நாலு வார்த்தை கேட்டால் நாற்பது பக்கம் வரும். கேபிளை எவ்வளவு இழுப்பது, எந்தத் திருகை எத்தனை சுற்று சுற்றுவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே படத்தோடு இருக்கிறது. அதில் வந்து சொல்லித் தருகிறவன் என்னைவிட அழகாகவும் இருக்கிறான். ஒரே வண்டியில் மூன்று முறை தோற்றுப்போன கதை மட்டும் போனில் கிடைக்காது. அதைச் சொல்கிறேன்.

முதலில் என் திமிரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காது ரொம்பக் கூர்மை. ரோட்டில் ஒரு கியர் வண்டி போனால், முதுகைத் திருப்பிக்கொண்டே செயின் எந்தப் பல்லில் உரசுகிறது என்று சொல்லிவிடுவேன். கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் செய்துகாட்டிக் கைதட்டு வாங்கியதும் உண்டு. ஸ்பானரை எடுப்பதற்கு முன் காதை எடு என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்கள் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன். அந்தக் காதை நம்பித்தான் ஏமாந்தேன்.

லூர்து அண்ணனை உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆரம்பாக்கத்துக்காரர். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் முப்பது வருஷம் மெஷின் பார்த்துவிட்டு வெளியே வந்தவர். ஆள் ஆறடி, குரல் ஒன்பதடி. அவரிடம் ஒரு பழைய டூரிங் சைக்கிள் இருந்தது. எந்தத் தேசத்திலிருந்தோ கப்பலில் வந்து, நாலைந்து கை மாறி, இது நடப்பதற்கு முந்தின வருஷம்தான் அவரிடம் வந்து சேர்ந்தது. மெல்லிய இரும்பு பிரேம், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், பின்னால் ஏழு கியர். கியர் மாற்றுகிற லீவர் ஹேண்டிலில் இருக்காது. முழங்காலுக்குப் பக்கத்தில் சாய்ந்து ஓடுகிற பைப்பில் சுண்டுவிரல் நீளத்துக்கு இருக்கும். அதில் ‘கிளிக்’ என்ற பேச்சே கிடையாது. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல, லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, செயின் கரகரக்காமல் ஓடுகிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

வருஷா வருஷம் ஆகஸ்டு கடைசியில் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு இருபது பேர் காவி உடுத்திக்கொண்டு வேளாங்கண்ணிக்கு சைக்கிளில் போவார்கள். முன்னால் போகும் சைக்கிளில் மாதா கொடி பறக்கும். அதற்குப் பெயர் கொடி வண்டி. பதினாறு வருஷமாகக் கொடி வண்டி லூர்து அண்ணனுடையது. ஆனால் போன தடவை மரக்காணம் தாண்டி ஒரு பாலத்தில் ஏறும்போது, அவர் எழுந்து நின்று மிதித்த மிதியில் செயின் நழுவிவிட்டது. அவர் விழுந்தார். அவர்மேல் பின்னால் வந்த இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல். அதனால் இந்தத் தடவை கொடியை வேனில் கட்டிவிடலாம், லூர்து அண்ணனும் வேனில் வரட்டும் என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். மனுஷன் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தார். வண்டி சரியாகிவிட்டது என்று மெக்கானிக் வந்து வாயால் சொன்னால் கொடி வண்டி அவருக்கு. சொல்லாவிட்டால் வேன். அந்த மெக்கானிக் நான்.

முதல் முறை வந்தபோது செயினையும் கேபிளையும் மாற்றினேன். ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றினேன், ஓட்டியும் பார்த்தேன். பட்டுப்போல ஓடியது. பத்தே நாளில் திரும்பி வந்தார்.

“இன்னா நைனா, மறுபடியும் வழுக்கினு போவுது!”

பின்னாலிருக்கும் பல்சக்கரக் கொத்தையே புதிதாக மாற்றினேன். நான் ஓட்டினால் நழுவவே இல்லை. அடுத்த வாரமே மறுபடி வந்துவிட்டார். “நீ போட்ட பல்லு எங்க மாமனார் பல்லு மாரி ஆடுது நைனா” என்றார். பல்லைப் பார்த்தேன். புதுப் பல்லில் அதற்குள் உரசிய கோடு விழுந்திருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல்தான். ஆறடி மனுஷன் மாடு மாதிரி மிதித்தால் எந்தச் செயின் தாங்கும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, செயினைத் தள்ளுகிற பின் கையையும் மாற்றினேன். நான் ஓட்டினால் சரி, அவர் ஓட்டினால் தப்பு. அப்படியென்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று ஒரு குழந்தை சொல்லிவிடும். என் அனுபவத்துக்குத்தான் அது தெரியவில்லை.

நாலாவது முறை வந்தபோது புறப்பாட்டுக்குப் பதினொரு நாள் இருந்தது. அவர் வருவதற்கு முன்னால் அவர் வண்டிச் சத்தம் வந்தது. இரண்டு பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட செயின் கரகரவென்று கத்திக்கொண்டு வந்தது. எதிர் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். லூர்து அண்ணன் மட்டும் சிரித்த முகமாக வந்து இறங்கினார்.

“செயின் இப்டி கத்துதேண்ணா?” என்றேன்.

“ஆங்” என்றார்.

சர்வீஸ் ரோட்டில் ஓட்டுங்கள், பார்க்கலாம் என்று அவரை முன்னால் அனுப்பிவிட்டு என் மொபெட்டில் பின்னாலேயே போனேன். செயின் பாடாய்ப் படுகிறது. “அண்ணா, லீவர கொஞ்சம் பின்னால இழு!” என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கத்தினேன். வேலிக்கு அந்தப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்த எருமைகூடத் திரும்பியது. அவர் திரும்பவில்லை. நான் பக்கத்தில் போய் அவர் முகத்துக்கு நேரே சொன்னதும் “ஓ, அப்டியா” என்று உடனே இழுத்தார்.

கடைக்குத் திரும்பினோம். முகம் துடைக்கிற மாதிரி துண்டால் வாயை மூடிக்கொண்டு, “நாஷ்டா ஆச்சாண்ணா?” என்று சாதாரணக் குரலில் கேட்டேன்.

“ஆங், ஆங். நாளைக்கு குடுத்தா போதும், ஒண்ணும் அவசரம் இல்ல” என்றார்.

இது எனக்கு எத்தனை வருஷமாகத் தெரிந்திருக்க வேண்டும்! ஆனால் நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டியில் யார்தான் கத்தாமல் பேசுகிறார்கள்? மில்லில் எட்டு மணி நேரம் கத்திவிட்டு வருகிறவர்கள் பஸ்ஸிலும் கத்துகிறார்கள், கல்யாண வீட்டிலும் கத்துகிறார்கள். பாதிப் பேச்சைக் கையாலும் வாயசைப்பாலும் முடித்துவிடுகிறார்கள். வேறு ஊராக இருந்தால் இந்த மனுஷனுக்குக் காது கேட்கவில்லை என்று ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார்கள். இங்கே அவர் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டார்.

நேருக்கு நேர் நின்று, “அண்ணா, உனுக்குக் காது கேக்குதா இல்லியா?” என்று கேட்டேன். அவர் டூல் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மில்லுல வருஷத்துக்கு ஒருவாட்டி டெஸ்ட் வெப்பாங்கோ நைனா. கேக்கலன்னு தெரிஞ்சா மெஷின வுட்டு எறக்கிடுவாங்கோ. அதான் வாயப் பாத்துப் பாத்து கத்துக்கினேன். அப்பறம் அதே பழக்கமாப் பூட்ச்சு. ஊட்லயும் சொல்லல. நீயும் யாருக்கும் சொல்லாத.”

அந்தக் கணத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்து, என் மேலேயே திரும்பியது. அந்த வண்டி ஒவ்வொரு கியருக்கும் ஒரு காதைக் கேட்கிறது. அவரிடம் இல்லாததை அது கேட்கிறது. நானோ மூன்று முறை அதற்குப் புதுச் சாமான் வாங்கி மாட்டியிருக்கிறேன். பாலத்தில் விழுந்த அன்றைக்கும் பின்னாலிருந்தவர்கள் “கியர், கியர்” என்று தொண்டை கிழியக் கத்தினார்களாம். அதை அவரே பிற்பாடுதான் கேள்விப்பட்டார்.

“அண்ணா, காது வேணாம். உன் விரலு நல்லாத்தானே கீது?” என்றேன்.

இனிமேல்தான் நம் தொழில். பழைய வண்டிக்குக் கிளிக் கியர், அதாவது ஒவ்வொரு கியரிலும் லீவர் தானாக நிற்கிற கியர், போடுவது என்றால் நம் கை முதலில் எதை எடுக்கும்? பிரேக் லீவரிலேயே கியரும் சேர்ந்து வருகிறதே, அதை. பார்க்க அழகு, போட்டால் பெருமை. கடையில் சர்வீஸுக்கு வந்திருந்த ஒரு புது வண்டியில் அவரை அதை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். என் காதுக்கு ‘டிக்’ என்று அழகாகக் கேட்டது.

“இன்னா நைனா, ஒண்ணுமே ஆவலியே?”

முப்பது வருஷம் இரும்பைப் பிடித்துக் காய்த்த கை. அந்த நாசூக்கான கிளிக் அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போகவில்லை. வாங்கி மாட்டிவிட்டு இதைக் கண்டுபிடித்திருந்தால் நாலாவது தோல்வியாக இருந்திருக்கும். ஆகவே தங்கச்சி, தம்பிகளே, கேட்டலாக்கைத் திறப்பதற்கு முன் வாடிக்கையாளரின் உள்ளங்கையைப் பாருங்கள்.

அலமாரியின் அடித்தட்டில் யாரும் சீந்தாமல் ஒரு ஜோடி கிடந்தது. வளைந்த ஹேண்டிலின் நுனியில் சொருகுகிற லீவர். தடியாக, நாட்டுத்தனமாக இருக்கும். அதன் கிளிக், பூட்டில் சாவி திரும்புவது மாதிரி கைக்குள் இறங்கும். ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு திருப்பச் சொன்னேன். திருப்பினார். கண் தானாகத் திறந்துகொண்டது.

“நைனா! அடிக்குது!”

“எண்ணு.”

“ஒண்ணு... ரெண்டு... மூணு...” ஆறு வரை போய் நின்றார். முகம் சுருங்கியது. “ஏழு கியருன்னியே, ஆறு தான் வருது. ஒண்ணு ரிப்பேரா?”

“மொதல் கியர்ல நீ ஏற்கெனவே நின்னுக்கினுதான கீற? அதுக்கு எதுக்குண்ணா கிளிக்கு?”

அவர் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

மற்ற வேலையை நான் விவரிக்கப்போவதில்லை. முந்தின மாதம் போட்ட பல்சக்கரமும் பின் கையும் கிளிக்குக்கு ஒத்துவந்தன, அது என் அதிர்ஷ்டம். முன்னால் மிதிகட்டையோடு இருந்த இரண்டு பல்சக்கரத்தில் சின்னதிலேயே செயினை நிறுத்திவிட்டு, அதற்கான லீவரைக் கழற்றி எடுத்துவிட்டேன். வேளாங்கண்ணி வரை தரை தட்டைதானே. அரை நாள் வேலை. லூர்து அண்ணன் தேர்வாய் கண்டிகை வரை போய்த் திரும்பி வந்தார். ஒரு இடத்திலும் நழுவவில்லை, உரசவில்லை. வந்து இறங்கி, “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வந்து வண்டி சரியாயிட்ச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடு நைனா” என்றார்.

சொல்லியிருக்கலாம். பொய்யில்லையே, வண்டி சரிதான். அவர் சிரிப்பைப் பார்த்தபோது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பின்னால் வருகிற லாரி ஹாரனுக்கு நான் எந்த லீவரை மாட்டுவது? இருபது பேர் என் வார்த்தையை நம்பி அவர் பின்னால் போகப்போகிறார்கள்.

“வரேண்ணா. ஆனா மொதல்ல ஊட்ல சொல்லிடு. ஒரு காது டாக்டர பாத்துக்கோ. ஹேண்டில்ல ரெண்டு பக்கமும் கண்ணாடி வெச்சித் தரேன். உன் பின்னாலயே ஒருத்தர் ஒட்டிக்கினு வரணும். இதெல்லாம் ஆனாதான் வண்டி வெளிய வரும்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “நீ இன்னா மெக்கானிக்கா, டாக்டரா? உன்ன நம்பி சொன்னம் பாரு!” என்று கத்திவிட்டு, வண்டியை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டார். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு நல்ல மனுஷனின் சினேகத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று துக்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் மகள் ஸ்டெல்லா வந்து நின்றாள். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை பார்க்கிற பெண். வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறாள்.

“அங்கிள், அப்பாவ இன்னா சொன்னீங்க? நேத்துலேர்ந்து மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறாரு. வண்டி ரெடியாயிட்ச்சா இல்லியா?”

“ரெடிதாம்மா.”

“அப்ப ஏன் தரல?”

நான் கழற்றி வைத்திருந்த பழைய லீவரைத் துடைக்க ஆரம்பித்தேன். யாருக்கும் சொல்லாதே என்று அவர் கேட்டிருக்கிறார். சொல்லாமல் இருந்தால் இந்தப் பெண்ணின் அப்பன் ரோட்டில் போகிறார். துடைத்த லீவரையே மறுபடி துடைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“காதா?”

நான் நிமிர்ந்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“எங்களுக்குத் தெரியாதா அங்கிள்? டி.வி. சவுண்டு ஸ்டேஷன் வரிக்கும் கேக்குது! அவரு மறைக்கிறாருன்னு நாங்களும் தெரியாத மாரியே கீறோம். கேட்டா மனசு ஒடிஞ்சிடுவாருன்னு அம்மா கேக்க வுடல. இதே பேஜாராப் போச்சு அங்கிள், ஒரு சேதி சொல்லணும்னா சுத்தி வந்து அவரு மூஞ்சி முன்னால நின்னு, சும்மா வந்த மாரி சொல்றோம்.”

அப்போதுதான் கவனித்தேன். லூர்து அண்ணன் ரோட்டுக்கு அந்தப்பக்கம், டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மகள் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார். அங்கிருந்து எங்கள் பேச்சு யாருக்குமே கேட்காது. ஆனால் அவருக்குத்தான் காது தேவையில்லையே. ரோட்டைத் தாண்டி நேராக வந்தார்.

“இன்னா, என் காதப் பத்தித்தான பேசறீங்க?”

ஸ்டெல்லா அவர் முன்னால் போய் நின்று நிதானமாகச் சொன்னாள். “அப்பா, எங்களுக்கு எப்பவோ தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“நான் பத்தாவது படிக்கும்போதுலேர்ந்து.”

அவர் டூல் பாக்ஸ்மேல் உட்கார்ந்துவிட்டார். “அப்போ இத்தினி வருசம் நான் யாருக்கும்மா நடிச்சினு இருந்தேன்?” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் எது சிரிப்பில் வந்தது, எது அழுகையில் வந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நான் போய்ச் சொன்னேன். வண்டி சரி என்றேன். அண்ணனுக்குக் காது கேட்காது, கண்ணாடி இரண்டு மாட்டியிருக்கிறேன், பின்னால் ஒருத்தர் ஒட்டி வர வேண்டும் என்றும் சொன்னேன். கூட்டத்தில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. தோள் எலும்பில் விரிசல் விழுந்தவர் முன்னால் வந்து, “நான் வரேன் பின்னால. உழுந்தா ரெண்டு பேரும் சேந்து உழுவோம்” என்றார். கொடி வண்டி புறப்பட்டது. நாலு நாளில் ஒரு செயின்கூட நழுவாமல் போய்ச் சேர்ந்தார்கள்.

திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து லூர்து அண்ணன் கடைக்கு வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மிஷின் இருந்தது. முந்தின நாள்தான் ஸ்டெல்லா கூட்டிப் போய் வாங்கி மாட்டியிருக்கிறாள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார்.

“நைனா, புதுசா ஒரு கோளாறு. மிதிக்கறத நிறுத்துனா போதும், பின் வீலுலேர்ந்து டிக்டிக்டிக்னு ஒரு சத்தம். ஏதோ ஒடஞ்சினு போயிட்ச்சு. வர்ற வழியெல்லாம் பயந்துகினே வந்தேன்.”

நான் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். நன்றாக, ஆரோக்கியமாக ஓடியது. மிதிக்காமல் உருளும்போது எல்லா சைக்கிளும் போடுகிற சத்தம்.

“அது கோளாறு இல்லண்ணா. எல்லா சைக்கிளும் அப்டித்தான் பேசும். இதுவும் எப்பவும் பேசிக்கினுதான் இருந்துச்சு.”

அவர் என்னை நம்பாமல் ஒரு தரம் பார்த்தார். பிறகு தானே சக்கரத்தைச் சுற்றிவிட்டு, குனிந்து காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. மறுபடியும் சுற்றிவிட்டார். கடையில் வேறு மூன்று வண்டி காத்திருந்தது. நான் அவரை அவசரப்படுத்தவில்லை.